மோதலுக்குப் பின் காரின் பின்கதவைச் சீர்செய்தல்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியையும் பொம்மசந்திரா தொழிற்பேட்டையையும் கடந்தவுடன் சந்தாபுரா என்னும் ஊர் வருகிறது. ஆனேக்கல்லுக்குச் செல்லும் சாலையும் தொம்மசந்திராவுக்குச் செல்லும் சாலையும் இவ்வூரில்தான் பிரிகின்றன. தொழிற்சாலைப் பேருந்துகள், சரக்கு லாரிகள், ஆட்டோ ரிக்‌ஷாக்கள், கார்கள் ஆகிய யாவும் காலையிலும் மாலையிலும் இச்சந்திப்பில் நெருங்கி ஊர்ந்து செல்கின்றன. இத்தகைய இடங்களில் நேரும் விபத்துக்களுள் ஒரு வகை பார்வைக்கு மிக எளியது. முன்வண்டி நிற்கிறது, பின்வண்டி நிற்பதற்குச் சற்றே தாமதமாகிறது, மெல்லியதோர் இடி. இறங்கிப் பார்த்தால் பம்பரில் ஒரு கீறல் மட்டுமே தெரிகிறது.

வீடு திரும்பிய பின்னரே வேறொன்று புலப்படுகிறது. காரின் பின்கதவு முன்போல் மூடுவதில்லை. ஒருபுறம் பென்சில் நுழையும் அளவுக்கு இடைவெளி. மறுபுறம் தகடும் தகடும் உரசுகின்றன. ஓங்கிச் சாத்தினால் பூட்டிக்கொள்கிறது. அதுவே போதும் என்று விட்டுவிடுவோர் பலர். பட்டறைக்குச் சென்று, பூட்டு மாட்டும் கொண்டியைச் சற்று நகர்த்தச் செய்து, கதவு மூடிக்கொண்டதும் நிறைவுடன் திரும்புவோரும் உண்டு. இவ்விரு வழிகளும் ஏன் பிழையானவை, சரியான வழி யாது என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம். இதற்கு வேண்டிய விஞ்ஞானம் உயர்நிலைப் பள்ளி மாணவர் அறிந்ததே. செவ்வகத்தின் மூலைவிட்டங்கள், நெம்புகோலின் தத்துவம், அடைபட்ட வாயுவின் அழுத்தம் ஆகியவை தெரிந்தால் போதும்.

மெல்லிய மோதலின் வலிமை

ஒரு காரின் எடை 1,000 கிலோகிராம் என்றும், அது மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதுகிறது என்றும் கொள்வோம். அவ்வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 2.78 மீட்டர். எனவே அதன் இயக்க ஆற்றல் சுமார் 3,860 ஜூல் ஆகும். அதே காரை 39 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து தரையில் போட்டால் உண்டாகும் ஆற்றலும் இதுவே. வேகம் 20 கிலோமீட்டரானால் ஆற்றல் இருமடங்கன்று, நான்கு மடங்காகிறது. வீழ்ச்சியின் உயரமும் ஒன்றரை மீட்டருக்கு மேலாகிறது.

இவ்வாற்றல் முழுதும் தகட்டை நசுக்குவதில் செலவாவதில்லை. சம எடையுள்ள மற்றொரு கார், தடையின்றி உருளக்கூடிய நிலையில் முன்னால் நின்றிருந்தால், உந்த அழிவின்மை விதிப்படி, மிகுதியாகப் போனால் பாதி ஆற்றலே இரு வண்டிகளையும் உருக்குலைக்கும். எஞ்சிய பாதி இரண்டையும் முன்னோக்கி நகர்த்தும். ஆயினும் அந்தப் பாதியே மெல்லிய எஃகுத் தகட்டை வளைக்கப் போதுமானது.

இங்கே ஓர் ஏமாற்றம் உண்டு. இக்காலக் கார்களின் பம்பர் உறை பிளாஸ்டிக்கினால் ஆனது. அது உள்ளே அமுங்கி, மோதல் முடிந்ததும் பெரும்பாலும் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். அதற்குப் பின்னாலுள்ள எஃகுச் சட்டமும் பின்புறத் தகடும் தம் மீள் எல்லையைக் கடந்து வளைந்திருந்தால், அவை திரும்புவதில்லை. ஆகையால் பம்பர் நன்றாக இருக்கிறது என்பதனால் அதன் பின்னுள்ள பகுதியும் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்தல் கூடாது. உள்ளே நடந்ததை முதலில் வெளிக்காட்டுவது பல வேளைகளில் பின்கதவே.

பின்கதவின் அமைப்பு

பழைய அம்பாசிடர் காரில் பயணிகள் அமரும் அறை வேறு. பெட்டிகள் வைக்கும் டிக்கி வேறு. டிக்கியின் மூடி சற்றே கோணினாலும் நனைவது பெட்டிகளே. 1961-இல் பிரான்சில் வெளிவந்த ரெனோ 4 போன்ற கார்களில், மேலே கீல் வைத்துத் தூக்கித் திறக்கும் பின்கதவு பரவலாயிற்று. நம் நாட்டில் 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 அவ்வமைப்பைச் சாதாரணக் குடும்பங்களுக்கு அறிமுகப்படுத்தியது. இவ்வகை வண்டிகளில் பயணிகளின் அறையும் பெட்டிகளின் இடமும் ஒன்றே. பட்டறையில் இக்கதவையும் டிக்கி என்றே வழங்குவர். எனினும், உண்மையில் இது மனிதர் அமர்ந்திருக்கும் அறையின் கதவு என்பதை மறத்தல் ஆகாது.

இக்கதவை ஐந்து வகை உறுப்புக்கள் தாங்குகின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பணி உண்டு.

1. கீல்கள்: கூரையின் பின்விளிம்பில் இரண்டு இருக்கும். கதவு எவ்விடத்தில் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை இவையே.

2. பூட்டும் கொண்டியும்: பூட்டு பெரும்பாலும் கதவின் கீழ்விளிம்பிலும், பட்டறையில் ஸ்டிரைக்கர் எனப்படும் கொண்டி கூட்டின் பின்புறத் தகட்டிலும் இருக்கும். மூடிய கதவைப் பற்றிக்கொள்வது இவற்றின் பணி.

3. ரப்பர் முட்டுக்கள்: கதவின் இரு ஓரங்களிலும் இருந்து, அது ஆடாமலும் அதிராமலும் காக்கின்றன. பல வண்டிகளில் இவற்றைத் திருகி உயர்த்தவோ தாழ்த்தவோ இயலும்.

4. ரப்பர் பட்டை: பட்டறையில் பீடிங் எனப்படுவது. வாயிலைச் சுற்றிலும் ஓடி, நீரும் தூசியும் வாயுவும் புகாதபடி அடைக்கிறது.

5. வாயுத் தண்டுகள்: பட்டறையில் ஷாக் எனப்படுபவை. உள்ளே உயர் அழுத்தத்தில் நைட்ரஜன் வாயு அடைக்கப்பட்டுள்ளது. கதவைத் தூக்கவும், தூக்கிய நிலையில் நிறுத்தவும் உதவுகின்றன.

பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம், ஓர் உறுப்பின் பணியை மற்றோர் உறுப்பினிடம் சுமத்துவதே. கீல் விலகியிருக்கக் கொண்டியை நகர்த்திக் கதவை இழுத்துப் பிடித்தால், பற்றிக்கொள்ள மட்டுமே அமைந்த பூட்டு, ஒவ்வொரு முறையும் கதவை வளைத்து இழுக்கிறது. சில மாதங்களில் பூட்டு தேய்கிறது. கீலின் துளை அகல்கிறது. வண்ணப்பூச்சு உரிந்து துரு ஏறுகிறது.

பொருட்படுத்த வேண்டிய காரணம்

கோணிய கதவு அழகைக் கெடுக்கிறது என்பது சிறிய குறையே. அதனினும் பெரியவை மூன்று.

முதலாவது, நச்சு வாயு. ஓடும் வண்டியின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைவாக இருக்கும். புகைக்குழாயிலிருந்து வெளியேறும் வாயு அப்பகுதியில் சுழன்று தேங்குகிறது. பின்கதவின் ரப்பர் பட்டை ஓரிடத்தில் பொருந்தாவிடில், அவ்விடைவெளி வழியாக அவ்வாயு உள்ளே புகக்கூடும். அதிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் அது பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாகச் சேரும் இயல்புடையது. தலைவலி, மயக்கம், குமட்டல், காரணமற்ற தூக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். புகைக்குழாயில் உள்ள மாற்றி அமைப்பு இவ்வாயுவை வெகுவாகக் குறைக்கிறது. எனினும் இயந்திரம் சூடேறாத தொடக்க நிமிடங்களில் அது முழுமையாக வேலை செய்வதில்லை. பின்னிருக்கையில் உறங்கும் குழந்தை சோர்வினால் உறங்குகிறதா, நஞ்சினால் உறங்குகிறதா என்பதை ஓட்டுபவரால் அறிய முடியாது. மோதலில் புகைக்குழாயும் விலகியிருக்கலாம் என்பதையும் கருதினால், இவ்வபாயம் மேலும் தெளிவாகும்.

இரண்டாவது, பாதி பூட்டிய கதவு. பல பூட்டுக்கள் இரு படிகளில் பற்றுகின்றன. முதற் படியில் மட்டும் சிக்கிய கதவு மூடியதுபோல் தோன்றும். குண்டு குழியில் வண்டி குலுங்கும்போது திறந்துகொள்ளும்.

மூன்றாவது, மறைந்திருக்கும் சேதம். பின்புறச் சட்டங்கள், அடுத்த மோதலின் வலிமையை வாங்கிக்கொள்வதற்காக அமைந்தவை. அவை முன்னரே மடிந்திருந்தால் அடுத்த முறை அவை காக்குமென்று நம்ப இயலாது. கதவை மட்டும் இழுத்து மூடச் செய்வது, காய்ச்சலைத் தணித்து நோயை விட்டுவைப்பதற்கு ஒப்பாகும்.

முதற் கடமை: தொடாமல் பார்த்தல்

ஸ்பானரை எடுப்பதற்கு முன் சில எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. பெட்ரோல் அல்லது வாயுவின் வாடை உண்டா, வண்டியின் அடியில் கசிவு உண்டா என்று காண வேண்டும். பல வண்டிகளில் இயற்கை வாயு உருளை பின்கதவுக்கு உட்புறத்திலேயே பொருத்தப்பட்டுள்ளது. அத்தகைய வண்டியில் பின்மோதல் நேர்ந்தால், உருளையும் அதன் தாங்கியும் குழாயும் அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சோதிக்கப்படும்வரை வாயுவை அடைத்துவைத்தலே நலம். மின்கல வண்டிகளில் ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தம் உடையவை. பயிற்சி பெறாதோர் அவற்றைத் தொடலாகாது.

இன்ஷூரன்ஸ் கோரும் எண்ணமிருந்தால், வேலை தொடங்குமுன் நிழற்படங்கள் எடுத்து, நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். பிரித்த பின் எடுக்கும் படம் மோதலுக்குச் சான்றாகாது.

அளக்கும் முறை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களின் காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, உள்ளிருக்கும் பளுவை இறக்கிவிட வேண்டும். கதவை மெல்ல மூடி, வண்டியின் பின்னால் நின்று பார்க்க வேண்டும். இப்பாடத்தில் இடம், வலம் என்பவை பின்னால் நிற்பவரின் இடமும் வலமும் ஆகும்.

இடப்புறத்தில் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலும், வலப்புறத்தில் அவ்வாறே மூன்று இடங்களிலும் இடைவெளியை அளந்து எழுதுக. கூரை விளிம்பின் இடைவெளியை இரு முனைகளிலும் எழுதுக. இதற்கென்று செய்த அளவுச் சட்டம் இல்லாவிடில் பழைய வங்கி அட்டைகளைப் பயன்படுத்தலாம். அவற்றின் கனம் 0.76 மி.மீ. என நிர்ணயிக்கப்பட்டுள்ளது, நான்கு அட்டைகள் சேர்ந்தால் 3 மி.மீ. ஆகும். அவை வண்ணப்பூச்சைக் கீறுவதுமில்லை.

எழுதிய எண்களே பெரும்பாலும் நோயைச் சொல்லிவிடும். சான்றாக, மோதலுக்கு முன் எல்லா இடத்திலும் 4 மி.மீ. இருந்தது எனக் கொள்வோம்.

இடப்புறம் முழுதும் 2.5 மி.மீ., வலப்புறம் முழுதும் 5.5 மி.மீ. என்றால், கதவு சாயாமல் இடப்பக்கமாக நகர்ந்துள்ளது.

மேலே இருபுறமும் 4 மி.மீ.; கீழே இடப்புறம் 2.5 மி.மீ., வலப்புறம் 5.5 மி.மீ. என்றால், கதவு சுழன்றுள்ளது.

ஓரிடத்தில் மட்டும் இடைவெளி திடீரெனக் குறைந்து மீண்டும் சரியானால், அவ்விடத்துத் தகடு மட்டும் நசுங்கியுள்ளது.

இடைவெளிகள் சரியாயிருந்தும் கதவின் கீழ்ப்பகுதி பக்கத்துத் தகட்டைவிட உள்ளே சென்றோ வெளியே துருத்தியோ நின்றால், பின்புறத் தகடும் அதன்மேலுள்ள கொண்டியும் முன்பின்னாக நகர்ந்திருக்கலாம்.

ஆனால் கதவு சுழன்றதா, அல்லது கதவு நேராக இருக்க வாயில்தான் கோணியதா என்பதை இவ்வெண்கள் மட்டும் கொண்டு துணிய இயலாது. இரண்டிலும் இடைவெளி ஒரேவிதமாகத் தோன்றக்கூடும். இங்கேதான் மூலைவிட்டம் உதவுகிறது.

மூலைவிட்டச் சோதனை

செவ்வகத்தின் இரு மூலைவிட்டங்களும் சமம். அதனைப் பக்கவாட்டில் தள்ளி இணைகரமாக்கினால், பக்கங்களின் நீளம் மாறாவிடினும் ஒரு மூலைவிட்டம் நீளும், மற்றது குறுகும். காரின் பின்வாயில் முழுச் செவ்வகமன்று. மேலே குறுகியும் கீழே அகன்றும் இருக்கலாம். எனினும் இடமும் வலமும் ஒத்த வடிவமாதலின், அதன் மூலைவிட்டங்களும் சமமாகவே இருத்தல் வேண்டும்.

வாயிலின் அகலம் 1,000 மி.மீ., உயரம் 800 மி.மீ. என்க. ஒவ்வொரு மூலைவிட்டமும் சுமார் 1,281 மி.மீ. மேல்விளிம்பு 5 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால், ஒன்று ஏறக்குறைய 1,284.5 ஆகவும் மற்றது 1,276.7 ஆகவும் ஆகும். வேறுபாடு கிட்டத்தட்ட 8 மி.மீ. கண்ணுக்குப் புலப்படாத கோணல், மூலைவிட்டத்தில் தெளிவாகத் தெரிகிறது.

அளவுநாடா தொய்யும், ஆகவே அதைக் காட்டிலும் எளிய கருவி ஒன்றைச் சொல்லலாம். இரு மெல்லிய மரச்சட்டங்களை ஒன்றன்மேலொன்று வைத்து, இரு முனைகளும் எதிரெதிர் மூலைகளைத் தொடும்வரை நீட்டி, நடுவில் இறுகப் பற்றிக் கோடிடுக. பின்னர் அதே சட்டங்களை மற்ற மூலைவிட்டத்தில் வைத்துப் பார்க்க. கோடு பொருந்தினால் இரண்டும் சமம். எண்ணே தேவையில்லை. சட்டத்தின் முனைகளை ரப்பர் பட்டையின்மேல் வைக்காமல், இருபுறமும் ஒத்த இடத்திலுள்ள போல்ட் துளை அல்லது தகட்டு மடிப்பின்மேல் வைத்தல் வேண்டும்.

தொழிலில் பழகியோர் கூட்டின் அளவுகளில் 3 மி.மீ. வரையிலான வேறுபாட்டையே பொதுவாகப் பொறுப்பர். இறுதித் தீர்ப்பு, அந்த வண்டிக்கென உற்பத்தியாளர் வெளியிட்ட அளவுப் படத்தினுடையதே. அன்றியும், மூலைவிட்டங்கள் சமமாயிருப்பது மட்டும் போதாது. வாயில் முழுதும் முன்னோக்கி அமுங்கியிருந்தாலும் அவை சமமாகவே இருக்கக்கூடும். ஆதலின் பெட்டி வைக்கும் தளத்தின் விரிப்பை நீக்கி, தகட்டில் மடிப்பு, விரிசல், பற்றவைப்புப் புள்ளிகள் விடுபட்டமை, இணைப்புப் பசை வெடித்தமை ஆகியவை உண்டா எனவும் காண்க.

கொண்டியைக் கழற்றிப் பார்த்தல்

அடுத்ததாகச் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. கொண்டி இப்போது இருக்கும் இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடிட்டு, அதனைக் கழற்றிவிடுக. இனி மூடும் கதவைப் பக்கவாட்டில் இழுக்க எதுவுமில்லை. கீல்களின் விருப்பப்படியே அது நிற்கும்.

அந்நிலையில் கதவு வாயிலின் நடுவில் சரியாக நின்றால், கீல்கள் நலமாக உள்ளன. பிழை கொண்டியிலோ அது பொருந்திய தகட்டிலோ உள்ளது. அந்நிலையிலும் கதவு சாய்ந்தே நின்றால், மூலைவிட்டங்களை நினைவிற்கொண்டு முடிவு செய்க. மூலைவிட்டங்கள் சமமெனில் பிழை கீலிலோ கதவிலோ உள்ளது. சமமல்லவெனில் வாயிலே கோணியுள்ளது.

இவ்வாறு மூன்று நிலைகள் கிடைக்கின்றன. முதல் இரண்டும் கருவிகளும் பொறுமையும் உடைய பட்டறையில் தீர்க்கத்தக்கவை. மூன்றாவது, கூட்டை இழுத்து நேராக்கும் மேடையுள்ள இடத்துக்கே உரியது. அங்கும் சூடு காட்டித் தட்டுதல் எல்லாத் தகட்டுக்கும் பொருந்தாது. இக்காலக் கூடுகளில் சில பகுதிகள் உயர்வலிமை எஃகினால் ஆனவை. சூடு காட்டினால் அவ்வலிமை குன்றிவிடும். கூடு நேராகும்வரை கீலையோ கொண்டியையோ நகர்த்திக் குறையை மறைத்தல் கூடாது. இதுவே இப்பாடத்தின் மையக் கருத்து: கதவைத் திருத்துமுன் வாயிலை அளந்தறிய வேண்டும்.

கீலைச் சரிசெய்தல்

முதலில் கதவுக்கு உறுதியான முட்டு ஒன்று கொடுக்க வேண்டும். கூடவே ஓர் ஆள் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். வாயுத் தண்டுகள் மட்டும் தாங்குமென்று நம்பி அடியில் நிற்றல் ஆபத்து. கதவின் எடை 20 கிலோகிராம், அதன் புவியீர்ப்பு மையம் கீலிலிருந்து கிடைமட்டமாக அரை மீட்டர் எனக் கொண்டால், கீழ்நோக்கிய திருப்புத்திறன் சுமார் 98 நியூட்டன் மீட்டர். வாயுத் தண்டின் விசை கீலிலிருந்து 12 சென்டிமீட்டர் தூரத்தில்தான் செயற்படுகிறது என்றால், இரு தண்டுகளும் சேர்ந்து சுமார் 820 நியூட்டன் தரவேண்டும். அதாவது ஒவ்வொரு தண்டும் ஏறக்குறைய 42 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையைத் தருகிறது. ஒன்று கழன்றால் கதவு தலையில் விழக்கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இத்தண்டைத் துளையிடுவதும், அறுப்பதும், நெருப்பில் இடுவதும் வெடிப்பை விளைவிக்கும். மோதலில் வளைந்த தண்டை நிமிர்த்த முயலாமல் மாற்றிவிட வேண்டும். பெங்களூர் ஜே. சி. சாலை போன்ற உதிரிப்பாகச் சந்தைகளில் தண்டு வாங்கும்போது நீளம் பொருந்தினால் மட்டும் போதாது. அதன்மேல் அச்சிடப்பட்டுள்ள நியூட்டன் அளவும் பொருந்த வேண்டும். இரண்டையும் ஒருசேர மாற்றுதல் நன்று. பழையதொன்றும் புதியதொன்றும் சேர்ந்தால் அவை கதவை முறுக்கும்.

இனிக் கீலின் போல்ட்டுகளைச் சுற்றிக் கோடிட்டுக்கொண்டு, கையால் தள்ளினால் நகரும் அளவுக்கு மட்டும் தளர்த்துக. துளைகள் எத்திசையில் நீண்டுள்ளனவோ அத்திசையிலேயே கீல் நகரும். சில வண்டிகளில் கூரைப்புறத் துளைகளும், சிலவற்றில் கதவுப்புறத் துளைகளும் நீண்டிருக்கும்; வேறு சிலவற்றில் அடியில் மெல்லிய தகட்டு வாஷர் வைத்தே உயர்த்த வேண்டும்.

எவ்வளவு நகர்த்துவது என்பதையும் கணக்கிடலாம். இரு கீல்களுக்கும் இடைப்பட்ட தூரம் 600 மி.மீ., கீலிலிருந்து கதவின் கீழ்விளிம்பு 900 மி.மீ. என்க. வலப்புறக் கீல் கதவின் தளத்திலேயே 1 மி.மீ. தாழ்ந்தால், கதவின் கீழ்விளிம்பு இடப்புறமாக 900-ஐ 600-ஆல் வகுத்த அளவு, அதாவது 1.5 மி.மீ. நகரும். அதனால் இடப்புற இடைவெளி 1.5 மி.மீ. குறையும், வலப்புறம் அதே அளவு கூடும். இரண்டிற்கும் வேறுபாடு 3 மி.மீ. முன்னர்க் கூறிய எடுத்துக்காட்டில் 2.5, 5.5 என்று கண்ட எண்கள் இதனால் விளைந்தவையே. கீழே 3 மி.மீ. பிழை காண்பவர் மேலே 3 மி.மீ. நகர்த்தினால், பிழை மறுதிசையில் இருமடங்காகும்! எனவே ஒரு வேளையில் ஒரு கீலை மட்டும், அரை மி.மீ. அளவாக நகர்த்தி, மெல்ல மூடி, மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். கீலே வளைந்திருந்தால் அதைத் தட்டி நிமிர்த்தாமல் புதியதை மாட்டுவதே முறை.

சரியான இடம் கிடைத்ததும் உற்பத்தியாளர் குறித்த முறுக்கு விசைக்கு இறுக்கி, உரிந்த வண்ணத்தைத் தொட்டு மறைத்துவிட வேண்டும். இல்லையேல் அடுத்த மழைக்காலத்தில் அங்கே துரு தொடங்கும்.

கொண்டியும் முட்டுக்களும்

கீல்கள் சரியான பின்னரே கொண்டியை மீண்டும் பொருத்துக. அதனைச் சற்றுத் தளர்வாக வைத்துக் கதவை மெல்ல மூடினால், பூட்டு தானே கொண்டியைத் தன் நடுவுக்குக் கொணரும். பிறகு மெல்லத் திறந்து இறுக்குக. பூட்டும் தருணத்தில் கதவு பக்கவாட்டிலோ மேலும் கீழுமாகவோ அசைந்தால் கொண்டி இன்னும் நடுவில் இல்லை என்பது பொருள். இரு படிகளும் பற்றும் ஒலியைத் தனித்தனியே கேட்க வேண்டும்.

இறுதியாக ரப்பர் முட்டுக்களை, மூடிய கதவை மெதுவாகத் தொடும் அளவுக்குத் திருகுக. மிகுதியாக உயர்த்தினால் கதவை ஓங்கிச் சாத்த நேரிடும். தாழ்த்தினால் அது சாலையில் கடகடக்கும்.

முடிவான சோதனைகள்

காகிதச் சோதனை: இரண்டு விரல் அகலமுள்ள காகிதத்தை ரப்பர் பட்டையின்மேல் வைத்துக் கதவை மூடி இழுக்கவும். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஒரே அளவான தடை இருத்தல் வேண்டும். காகிதம் எளிதில் வழுக்கி வரும் இடத்தில் அடைப்பு இல்லை.

சுண்ணப்பொடிச் சோதனை: கரும்பலகைச் சுண்ணக்கட்டியைப் பொடித்து வாயிலின் விளிம்பில் தடவி, ஒருமுறை மூடித் திறந்தால், ரப்பர் பட்டையில் வெண்கோடு விழும். அக்கோடு அறாமல் சுற்றிவர வேண்டும்.

நீர்ச் சோதனை: ஒருவர் உள்ளே கைவிளக்குடன் இருக்க, மற்றவர் குழாய் நீரைக் கீழிருந்து மேலாக மெதுவாக ஊற்ற வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எந்த இடத்தில் புகுந்தது என்று கண்டறிய முடியாது. பெங்களூர்ப் பகுதியில் செப்டம்பர் மாத மழை கடுமையானது. இச்சோதனையை அதற்கு முன்னரே செய்துவிடல் நலம். பெட்டித் தளத்தின் அடியில் தேங்கும் நீர் மாதக்கணக்கில் மறைந்திருந்து தகட்டை அரிக்கும்.

விளக்குச் சோதனை: கதவினுள் செல்லும் கம்பிகள் மோதலில் நசுங்கியிருக்கலாம். பின்புறச் சிவப்பு விளக்கும், எண் பலகைக்கு ஒளி தரும் விளக்கும் எரிதல் வேண்டும்; 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இவற்றை வலியுறுத்துகின்றன. 2019 ஜூலை முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட பின்னோக்கி நிறுத்தும் உணர்விகள் பம்பரிலேயே உள்ளன. ஒருவர் பின்னால் ஒரு பலகையை நகர்த்திக் காட்ட, மற்றவர் உள்ளிருந்து ஒலியைக் கேட்டு அவற்றைச் சோதிக்கலாம். தானே திறந்து மூடும் மின்கதவாயின், மோதலுக்குப் பின் அதன் எல்லைகளை மறுபடியும் பதிவு செய்ய வேண்டியிருக்கலாம்.

வகுப்பறையில் ஒரு செயல்முறை

ஆசிரியர்கள் இப்பாடத்தைக் கார் இன்றியே நடத்தலாம். நான்கு அட்டைக் கீற்றுக்களை மூலைகளில் குண்டூசியால் இணைத்து ஒரு சட்டம் செய்க. அச்சட்டத்துள் இருபுறமும் 4 மி.மீ. இடைவெளியுடன் பொருந்துமாறு ஒரு கெட்டி அட்டையை வெட்டி, மேல்விளிம்பில் இரு நூல்களால் தொங்கவிடுக. முதலில் ஒரு நூலைச் சற்றே நீளமாக்கி, ஆறு இடங்களிலும் இடைவெளியை அளந்து எழுதச் செய்க. பிறகு நூலைப் பழையபடி வைத்து, சட்டத்தைப் பக்கவாட்டில் தள்ளி மீண்டும் எழுதச் செய்க. இரு அட்டவணைகளும் ஒத்திருப்பதைக் கண்டு மாணவர் வியப்புறுவர். அதன்பின் மூலைவிட்டத்தை அளக்கச் சொன்னால், நூலின் பிழையையும் சட்டத்தின் பிழையையும் அவர்களே பிரித்துக் காண்பர்.

1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் இயங்கும் தொழிற்பயிற்சி நிலையங்களில், மோட்டார் வண்டித் தொழில் பயிலும் இளைஞர்க்கு இதே செயல்முறையை உண்மையான கதவில் செய்து காட்டலாம். அளவுகளை ஒரு தாளில் எழுதி, வேலைக்கு முன், வேலைக்குப் பின் என இரு பத்திகளாக வைத்துக்கொள்ளும் பழக்கத்தை அவர்களிடம் வளர்த்தல் பெரும் பயன் தரும். அத்தாளை வண்டியின் உரிமையாளரிடமும் கொடுக்கலாம். தாம் கொடுத்த பணத்துக்கு என்ன வேலை நடந்தது என்பதை அவர் அதில் காண்பார்.

களப்பணியாளர்க்கும் ஒரு சொல். அலுவலக வண்டியின் பின்கதவு ஓங்கிச் சாத்தினால்தான் மூடுகிறது என்றால், அதனைச் சிறு தொல்லையாகக் கருதாமல் பதிவேட்டில் எழுதிச் சோதனைக்கு அனுப்புங்கள். அதுவரை பின்னிருக்கையில் எவரையும் நெடுந்தூரம் ஏற்றிச் செல்லாதீர்கள். ஆறு இடைவெளிகளையும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க அரை மணி நேரம் போதும்.